ஓரத்தில் நட்சத்திரம் ஏன் சிதைகிறது? ஐபீஸ் தரத்தை வீட்டு மாடியிலேயே சோதிக்கும் முறை

தொலைநோக்கி வாங்கிய முதல் மாதத்தில் பலரிடமிருந்தும் வரும் புகார் ஒன்றுதான். "நடுவில் நட்சத்திரம் புள்ளியாகத் தெரிகிறது. ஓரத்துக்கு நகர்ந்தால் சிறகு முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது." உடனே ஐபீஸ் மட்டமானது என்று முடிவு கட்டி, விலை கூடிய ஒன்றை ஷாப்பியில் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அது வந்த பிறகும் சிறகு போவதில்லை. அந்தச் சிறகு ஐபீஸில் முளைத்திருக்கலாம், தொலைநோக்கியின் கண்ணாடியில் முளைத்திருக்கலாம், பார்ப்பவரின் கண்ணிலேயே முளைத்திருக்கலாம். எது என்று பிரித்தறிய ஒரு தெளிந்த இரவு போதும். பணத்தைச் செலவழிக்கும் முன் அந்த ஓர் இரவைச் செலவழியுங்கள்.

பள்ளிப் பாடத்தில் கண்ணருகு வில்லை என்று படித்ததுதான் ஐபீஸ். தொலைநோக்கி உருவாக்கும் சிறிய பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி அது. தொலைநோக்கி தராத நுணுக்கத்தை எந்த ஐபீஸாலும் சேர்க்க முடியாது. வந்த நுணுக்கத்தைக் கெடுக்காமல் கண்ணுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தரம்.

முதலில் கணக்கு

ஐபீஸின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் குவியத் தூரம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை அதால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி) 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கு. இதைப் பெரும்பாலோர் முதல் நாளே கற்றுக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கைப் பலர் செய்வதில்லை. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை அதன் முகப்பு விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஐபீஸின் குவியத் தூரத்தை அந்த எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஐபீஸிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. எஃப் 6 தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் என்றால் சுமார் 4.2 மி.மீ. கோள்களின் நுணுக்கத்துக்கு 1 முதல் 2 மி.மீ. வரை நன்றாக வேலை செய்யும். அரை மி.மீட்டருக்குக் கீழே போனால் படம் இருண்டு, உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசுகளே பார்வையை மறைக்கத் தொடங்கும். மேல் எல்லை 7 மி.மீ. என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வது முழு இருளில் விரிந்த இளைஞர்களின் கண்ணுக்கு. பினாங்கில் ஜார்ஜ்டவுனிலோ பட்டர்வொர்த்திலோ மாடியில் நிற்கும்போது தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்மணி அவ்வளவு விரியாது. வானமும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். நகருக்குள் 4 அல்லது 5 மி.மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எஃப் 5 தொலைநோக்கிக்கு 40 மி.மீ. பிளோசல் வகை ஐபீஸ் வாங்குவது இந்தக் காரணத்தால் வீண். கற்றை 8 மி.மீ. அகலத்தில் வெளியே வரும். கண்ணுக்குள் நுழையாத ஒளியெல்லாம் இமையில் விழும். வேறொரு தடையும் இருக்கிறது. ஒன்றேகால் அங்குல, அதாவது 31.7 மி.மீ. குழாய்க்குள் பொருந்தும், காட்சியின் எல்லையை வரையும் வளையம் ஏறக்குறைய 27 மி.மீட்டரைத் தாண்ட முடியாது. அதனால் 32 மி.மீ. பிளோசல் காட்டும் அதே அளவு வானத்தைத்தான் 40 மி.மீ. ஐபீஸும் காட்டும், சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல.

ஒரே ஐபீஸ், இரண்டு தொலைநோக்கி

ஓர் ஐபீஸைப் பற்றி ஒருவர் புகழ்ந்தும் இன்னொருவர் திட்டியும் எழுதியிருந்தால், இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களின் தொலைநோக்கிகள் வேறு. எஃப் 10 தொலைநோக்கியிலிருந்து வரும் ஒளிக்கூம்பு ஒடுங்கியது. அச்சிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 2.9 பாகைதான் சாயும். எஃப் 5 என்றால் 5.7 பாகை. அந்தச் சரிவான கதிர்கள் ஐபீஸின் வில்லைகளை அதிகச் சாய்வில் தாக்குகின்றன. எளிய வடிவமைப்பால் அவற்றை ஒரே புள்ளிக்குக் கொண்டுவர முடிவதில்லை. நடுவில் பிரச்சினை தெரியாது. ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரம் கோடாகவும் சிலுவையாகவும் விரியும். இதற்கு அஸ்டிக்மாட்டிசம் என்று பெயர். ஓரப் படத்தைக் கெடுக்கும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்.

வில்லைகளின் எண்ணிக்கை கூடியதன் வரலாறே இந்தக் குறையைத் துரத்திய வரலாறு என்று சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் அமைத்தது இரண்டே வில்லைகளால். 1849-இல் கெல்னர் மூன்றாக்கினார். 1860-இல் வியன்னாவைச் சேர்ந்த பிளோசல் இரண்டு இரட்டை வில்லைகளை எதிரெதிராக வைத்தார். இன்றும் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பெயர் அதுதான். 82 பாகைத் தோற்றப் புலத்தை, அதாவது ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தோன்றும் காட்சி வட்டத்தின் அகலத்தை, எஃப் 4, எஃப் 5 தொலைநோக்கிகளிலும் தெளிவாகக் காட்டலாம் என்று ஐபீஸ் வடிவமைப்பாளர் ஆல் நாக்லர் காட்டியது 1980-ஐ ஒட்டித்தான். அவரது முறையில் கீழே ஓர் எதிர்வில்லைத் தொகுதி ஒளிக்கூம்பின் சரிவைக் குறைத்துவிட்டு மேலே அனுப்பும்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் இதே தந்திரத்தை ஐபீஸுக்கு முன்னால் செருகும் 2 மடங்கு பார்லோ வில்லையால் செய்யலாம். அது எஃப் 5 கூம்பை எஃப் 10 ஆக்கிவிடும். 130 மி.மீ. எஃப் 5 தொலைநோக்கியில் 6 மி.மீ. பிளோசலை நேரடியாகப் போடுவதைவிட, 12 மி.மீ. பிளோசலைப் பார்லோவோடு போடுவது ஓரத்துக்கும் நல்லது, கண்ணுக்கும் சுகம். பிளோசலில் கண்ணை வைக்கவேண்டிய தூரம் அதன் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு. 6 மி.மீ. ஐபீஸில் அது வெறும் 4 மி.மீ.; இமைமயிர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.

சோதனை இரவு

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் இதற்கு ஏற்ற மாதங்கள். மழை குறைவு, மாலையிலேயே ஓரியன் கிழக்கில் ஏறியிருக்கும். அதன் இடைக்கச்சையில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் வடமேற்கு முனையில் இருப்பது மிண்டாக்கா. வான நடுக்கோட்டின்மேல் ஏறக்குறைய அப்படியே அமர்ந்திருப்பதால் பல சோதனைகளுக்கு இது ஒன்றே போதும். ஆனால் அது உச்சியை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். இங்கே அது 84 பாகை உயரத்துக்கு, ஏறக்குறைய உச்சந்தலைக்கே வந்துவிடும்; அந்த நிலையில் டாப்சோனியனைப் பக்கவாட்டில் நகர்த்துவது பெரும்பாடு. 40 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.

தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். நியூட்டோனியன் வகை (கண்ணாடிகளால் ஒளியைக் குவிப்பது) என்றால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஐபீஸைச் சோதிப்பது கோணிய சுவரில் தூக்குக்குண்டு இல்லாமல் அலமாரி மாட்டுவது போலத்தான்.

நட்சத்திரத்தைப் புலத்தின் நடுவில் வைத்துக் கூர்மையாகக் குவியுங்கள். நடுவிலேயே புள்ளியாக வராவிட்டால், தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிதைவும் தலையோடு சேர்ந்து சுழன்றால் குறை உங்கள் கண்ணில். குறைந்த உருப்பெருக்கத்தில், கற்றை 3 மி.மீட்டருக்கு மேல் இருக்கும்போது, கண்ணின் அஸ்டிக்மாட்டிசம் நன்றாகவே வெளிப்படும். 1 மி.மீ. கற்றையில் பெரும்பாலும் மறைந்துவிடும், ஏனென்றால் கண்மணியின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்கிறது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தை மாற்றிக்கொள்ளலாம். அஸ்டிக்மாட்டிசத்துக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதோடுதான் பார்க்கவேண்டும். அவர்களுக்குக் கண் இடைவெளி, அதாவது கண்ணை வைக்கவேண்டிய தூரம், 18 முதல் 20 மி.மீ. வரை உள்ள ஐபீஸ் தேவை. அதைவிடக் குறைந்தால் புலத்தின் ஓரம் தெரியவே தெரியாது.

தலையைச் சாய்த்தும் சிதைவு சுழலவில்லையா? ஐபீஸைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி, ஐபீஸை மட்டும் கால் சுற்றுத் திருப்புங்கள். சிதைவு கூடவே திரும்பினால் உள்ளே ஒரு வில்லை சாய்ந்தோ மையம் விலகியோ இருக்கிறது. இது தயாரிப்புக் குறை. பேச்சே வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். திரும்பவில்லை என்றால் தொலைநோக்கியின் கண்ணாடிகளிடம் திரும்பிப் போகவேண்டும்.

நடு சரியாக இருந்தால் நட்சத்திரத்தை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். குவியத் திருகைத் தொடாமல் முதலில் பாருங்கள், பிறகு மெல்லத் திருகிப் பாருங்கள். திருகியதும் நட்சத்திரம் மீண்டும் புள்ளியாகிவிட்டால் அது புல வளைவு: நடுவும் ஓரமும் வெவ்வேறு தூரத்தில் குவிகின்றன. இளம் கண்கள் தானாகவே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால் ஒரே ஐபீஸ் மகனுக்குத் தெளிவாகவும் அப்பாவுக்கு மங்கலாகவும் தெரியலாம். திருகும்போது கோடு ஒன்று தோன்றி, குவியத்தைத் தாண்டியதும் அதற்குச் செங்குத்தாகத் திரும்பினால் ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம். எப்படித் திருகினாலும் வால்நட்சத்திரம் போல வெளிப்புறம் நோக்கி வால் நீண்டுகொண்டே இருந்தால் அது கோமா. கோமா நியூட்டோனியனின் பரவளையக் கண்ணாடியின் குறை, ஐபீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து ஐபீஸ் வாங்கினாலும் எஃப் 5 கண்ணாடியின் கோமா அப்படியே இருக்கும். அதற்குத் தனித் திருத்தி வில்லை உண்டு. அகன்ற புல ஐபீஸ்களில் அஸ்டிக்மாட்டிசமும் கோமாவும் சேர்ந்தே வரும். அப்போது பார்லோவைப் போட்டு மீண்டும் பாருங்கள். ஓரம் நன்றாகத் திருந்திவிட்டால் பெரும்பங்கு ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓரத்தில் நட்சத்திரம் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் இழுபட்டால் ஐபீஸின் நிறப் பிரிவு. நடுவிலும் அப்படித் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். அடிவானத்துக்கு அருகில் உள்ள எதையும் காற்றே நிறம் பிரித்துக் காட்டும். நமக்கு ஒரு வசதி உண்டு. 5 பாகை அட்சரேகையில் இருப்பதால் வியாழனும் சனியும் நடுவானைக் கடக்கும்போது எந்த ஆண்டிலும் 60 பாகைக்குக் கீழே இருப்பதில்லை. லண்டனிலோ டோக்கியோவிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கோள் உயரும்வரை காத்திருந்து சோதியுங்கள்.

மிண்டாக்கா இருக்கும்போதே புலத்தின் உண்மையான அளவையும், அதாவது எத்தனை பாகை வானம் தெரிகிறது என்பதையும், அளந்துவிடலாம். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி, நட்சத்திரம் ஓர் ஓரத்தில் நுழைந்து நடுவழியாகச் சென்று மறு ஓரத்தில் மறையும் நேரத்தைக் கைப்பேசியில் எண்ணுங்கள். நிமிடத்தை 4-ஆல் வகுத்தால் புலம் பாகையில் வரும். மேலே சொன்ன 1200 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. பிளோசல் சுமார் 4 நிமிடம், அதாவது 1 பாகை காட்டவேண்டும். பெட்டியில் 68 பாகைத் தோற்றப் புலம் என்று அச்சிட்ட 25 மி.மீ. ஐபீஸ் அந்தப் பிளோசலின் நேரத்தையே காட்டினால், அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

பளபளப்பும் கருமையும்

ஓரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பின்னணி சாம்பல் பூத்திருந்தால் நெபுலா தெரியாது. இதை முடிவுசெய்வது பூச்சும் உட்புறக் கருமையும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். மெக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் பூச்சில் அது ஒன்றரை விழுக்காடாகக் குறையும். நல்ல பல்லடுக்குப் பூச்சில் அரை விழுக்காடு அளவுக்கு இறங்கும். பிளோசலில் காற்றைத் தொடும் பரப்பு நான்கு. பூச்சில்லாமல் 85 விழுக்காடு ஒளிதான் கடக்கும், பல்லடுக்கில் 98. இழந்த ஒளியைவிட, அது உள்ளே அங்குமிங்கும் அடிபட்டு மங்கலாய்ப் பரவுவதே பெரிய கேடு.

வீட்டு வெள்ளை விளக்கின் பிரதிபலிப்பை வில்லையில் பாருங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் பரப்பில் பூச்சில்லை. நீலமோ இளம் ஊதாவோ ஒற்றைப் பூச்சு. அடர் பச்சையாகவும் ஊதாவாகவும் மங்கித் தெரிந்தால் பல்லடுக்கு. ஒவ்வொரு பரப்பிலும் ஒரு பிரதிபலிப்பு விழும், அத்தனையையும் எண்ணிப் பாருங்கள். வெளிப்பரப்பில் மட்டும் பூசிவிட்டு உள்ளே விட்டுவிட்ட ஐபீஸ்களும் உண்டு. பிறகு குழாயின் அடிப்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள்: உட்சுவர் வெள்ளி போல மின்னினால் நிலவொளி அதில் பட்டுச் சிதறும். வில்லைகளின் விளிம்புக்குக் கருமை பூசியிருப்பது கவனமான தயாரிப்பின் அடையாளம்.

இரவில் இதைச் சோதிக்க நிலவைப் புலத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். புலத்துக்குள் வெளிச்சப் பட்டையோ வளைவோ நுழைந்தால் உட்கருமை போதாது. வியாழனை நடுவில் வைத்து மெல்ல நகர்த்தும்போது மங்கலான இன்னொரு புள்ளி எதிர்ப்புறமாக ஓடினால் அது உட்பிரதிபலிப்பு. வியாழனைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒளி பரவினால், குறை சொல்லும் முன் மேல் வில்லையைத் துடையுங்கள். இமைமயிரின் எண்ணெய்ப்பசை பல நல்ல ஐபீஸ்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

பகலில் ஒரு சோதனை மட்டும் போதும். தூரத்தில் உள்ள விளக்குக் கம்பத்தையோ ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்தின் நேர்விளிம்பையோ புலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கோடு வில்லாக வளைந்தால் உருக்கோணல். வானத்துக்கு இது பெரிய குறையில்லை. கண்ணைச் சற்று அசைத்ததும் சிறுநீரக வடிவில் கரிய நிழல் ஓடுகிறதா என்றும் அப்போதே பாருங்கள். அப்படிப்பட்ட ஐபீஸ் சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குத் தலைவலி. அக்கம்பக்கத்து ஜன்னல்களைத் தவிர்த்துவிடுங்கள். சூரியன் இருக்கும் பக்கமே திருப்பக்கூடாது. ஒரு கணம் போதும், கண் திரும்பி வராது.

பெட்டியோடு வந்தவை

மலிவான தொலைநோக்கிகளோடு எஸ்ஆர் 4 மி.மீ. என்று எழுதிய ஐபீஸும் 3 மடங்கு பார்லோவும் வரும். 900 மி.மீ. குவியத் தூரத்தில் இரண்டும் சேர்ந்தால் 675 மடங்கு. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடும் எண் அதுதான். 114 மி.மீ. தொலைநோக்கி தாங்குவது ஏறக்குறைய 228 மடங்கு. இந்த இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ஒரு 10 அல்லது 12 மி.மீ. பிளோசல் வாங்குங்கள். கூட வந்த 25 மி.மீ. பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். அகன்ற புல ஐபீஸ் ஆசை வந்தால், உங்கள் தொலைநோக்கியின் எஃப் எண்ணுக்கு இணையான கருவியில் அதைப் பயன்படுத்துபவரிடம் மட்டும் கருத்துக் கேளுங்கள்.

நம் ஊர் ஈரம்

நல்ல ஐபீஸை இரண்டே ஆண்டில் கெடுக்கக்கூடியது பினாங்கின் காற்று. இரவில் 25 பாகை வெப்பமும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் இருக்கும்போது, 22 பாகைக்கு வைத்த ஏர்கோன் அறையிலிருந்து ஐபீஸை எடுத்துவந்து மூடியைத் திறந்தால் அந்த நொடியே வேர்த்துவிடும். துடைக்காதீர்கள். ஈரத்தோடு தூசி தேய்ந்து பூச்சில் கீறல் விழும். பெட்டியை மூடியபடியே வெளியில் ஒரு மணி நேரம் வைத்து, கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள்.

அடுத்த எதிரி பூசணம். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் வில்லையின்மேல் சிலந்தி இழை போலப் படரும். தொடக்கத்தில் துடைத்தால் போகும். நாளானால் அதன் அமிலம் பூச்சை அரித்து நிரந்தரத் தடம் விட்டுவிடும். பழைய ஐபீஸ் வாங்கும்போது ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். சில தூசுகள் கிடந்தால் பரவாயில்லை, இழை கண்டால் வேண்டாம்.

தோல் பையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ மாதக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் மின்சார ட்ரை கேபினட் சிறந்தது. அது இல்லாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, ஒரு சிறிய ஈரமானி, கால் கிலோ சிலிக்கா ஜெல். ஈரமானி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது. சுமார் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல ஜெல்லில் நச்சான கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள்.

துடைப்பதை அடிக்கடி செய்யவேண்டியதில்லை. ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மென்தூரிகையால் மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். பிறகு பஞ்சுக்குச்சியின் நுனியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றி ஒருமுறை துடைத்துவிட்டு, அந்தக் குச்சியை எறிந்துவிடுங்கள். திரவத்தை நேரே வில்லையின்மேல் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே கசிந்து, பிரித்தெடுக்காமல் துடைக்க முடியாத இடத்தில் கறை படியும்.

பிரிக்கவே கூடாது என்பது பொதுவிதி. பிளோசல் மட்டும் விதிவிலக்கு: அடியில் உள்ள வளையத்தைத் திருகினால் ஓர் இரட்டை வில்லை, ஓர் இடைவளையம், இன்னோர் இரட்டை வில்லை என்று வரிசையாக வெளியே வரும். வரும்போதே ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேல்பக்கம் எது என்று பென்சிலால் அம்புக்குறி இடுங்கள். கைதவறிக் கொட்டிவிட்டால், அதிகம் புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி திரும்ப அடுக்கவேண்டும். ஒன்று தலைகீழானாலும் புலம் முழுதும் மங்கிவிடும்.